எனக்கப்புறம் யாரு? சிறப்புக் கல்வி, பெற்றோர் உரிமை, ஆசிரியர் ஓய்வூதியம்

மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வியை நாம் மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3ஆம் தேதி பேசுகிறோம். பெற்றோர் உரிமையைப் பள்ளி மேலாண்மைக் குழுவை மாற்றி அமைக்கிற சமயத்தில் பேசுகிறோம். ஓய்வூதியத்தை ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேசுகிறோம். மூன்றுக்கும் தனித்தனி சட்டம், தனித்தனி அலுவலகம், தனித்தனி கோப்பு. ஆனால் இந்த மூன்றும் ஒரே வீட்டுத் திண்ணையில் சந்திக்கின்றன. அந்த இடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அறிவுசார் குறைபாடுள்ள மகனை வளர்க்கும் தாயிடம் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் போதும், பேச்சு ஓர் இடத்தில் வந்து நின்றுவிடும். “என் கையி காலு நல்லா இருக்கிற வரைக்கும் நான் பாத்துப்பேன் சார். எனக்கப்புறம் யாரு?” இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்தில் பல வீடுகளில் இதைக் கேட்டிருக்கிறேன். அதே வீட்டுக்கு வாரம் தவறாமல் வந்து, அந்தப் பையனுக்குச் சட்டைப் பொத்தான் போடவும் தன் பெயரை எழுதவும் சொல்லிக் கொடுக்கிற சிறப்புப் பயிற்றுநர் இருக்கிறாரே, அவரிடமும் பேசிப் பாருங்கள். “எனக்கு அறுபது வயசாகி வெளியில வந்தா கையில என்ன இருக்கும்?” என்று அவர் கேட்பார். ஒன்று பிள்ளையைப் பற்றிய கேள்வி, மற்றது முதுமையைப் பற்றிய கேள்வி. இரண்டுக்கும் விடை ஒன்றாகத்தான் கிடைக்கும் என்பது என் முடிவு. பிள்ளைக்குக் கல்வி உரிமை என்று சட்டம் எழுதிவிட்டு, அந்த உரிமையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவரை நிரந்தரமில்லாமல் நிறுத்தி வைத்தால், உரிமையும் நிரந்தரமில்லாமல்தான் நிற்கும்.

முதலில் சட்டங்கள் வந்த வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் தமிழ் மண்ணில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் வந்துவிட்டன. பாளையங்கோட்டை அதற்குச் சாட்சி. அது கருணையின் காலம். 1974இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, இந்தக் குழந்தைகளும் பொதுப் பள்ளியில் படிக்கலாம் என்று சொன்னது. அது திட்டத்தின் காலம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை மாற்றுத்திறனாளிகளுக்கான உடன்படிக்கையை நிறைவேற்றியது. மறு ஆண்டே இந்தியா அதை ஏற்றது. அதன் விளைவாக வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏழு வகை இருபத்தொன்று ஆனது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு, தலசீமியா எல்லாம் அந்தப் பட்டியலுக்குள் வந்தன.

இதற்கு நடுவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 6 முதல் 14 வயது வரை இலவச, கட்டாயக் கல்வி என்றது. அது முதலில் எழுதப்பட்டபோது மாற்றுத்திறன் குழந்தைக்கு அதில் உரிய இடம் இல்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அவர்களை வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்குள் சேர்த்தது. கடுமையான குறைபாடும் பல்வகைக் குறைபாடும் உள்ள குழந்தை வீட்டிலிருந்தபடியே கல்வி பெறலாம் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. நல்ல எண்ணத்தில் எழுதிய வரி. ஆனால் நடப்பில் இந்த ஒரு வரியை நாம் கண்காணிக்க வேண்டும். பள்ளிக்கு வரக்கூடிய பிள்ளையையும், சாய்தளம் இல்லை, கழிப்பறை வசதி இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லி வீட்டுவழிக் கல்விப் பட்டியலில் எழுதிவிடுவது எளிது. பள்ளிகளின் எமிஸ் கணினிப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கும். பிள்ளை வீட்டுக்குள் இருக்கும். வீட்டுவழிக் கல்வி குழந்தையின் தெரிவாக இருக்க வேண்டும். பள்ளியின் வசதிக்கான ஏற்பாடாக அது மாறிவிடக் கூடாது.

இங்கே பெற்றோர் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி வருகிறது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆவது பிரிவைத் தயவுசெய்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 14 வயது எல்லை இவர்களுக்குப் பொருந்தாது. நான்கு ஆண்டுகள் கூடுதல். வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தெரிவு செய்யும் உரிமை குழந்தைக்கு உண்டு. “இங்க வேணாம்மா, திருவண்ணாமலையில ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கு, அங்க சேத்துடுங்க” என்று சொல்லி அனுப்பும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு இல்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. சமாளிக்க முடியாதே என்ற அச்சத்தில் சொல்கிறார்கள். அந்த அச்சத்தைப் பிறகு பேசுகிறேன், ஏனென்றால் அது ஆசிரியர் பணியிடம் தொடர்பான விஷயம்.

16ஆவது பிரிவு, குழந்தையைப் பாகுபாடின்றிச் சேர்க்கவும், கட்டடத்தை அணுகத்தக்கதாக்கவும், கற்றல் குறைபாட்டை முன்கூட்டியே கண்டறியவும், குழந்தைக்கும், கூடுதல் துணை தேவைப்படும் குழந்தையின் உடன் வருபவருக்கும் போக்குவரத்து வசதி தரவும் கல்வி நிறுவனங்களைப் பணிக்கிறது. உடன் வருபவருக்கும் என்பதைக் கவனியுங்கள். பத்து வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறும் தாயை இந்தச் சட்டம் பார்த்திருக்கிறது. 17ஆவது பிரிவு, 18 வயது வரை புத்தகங்களும் துணைக்கருவிகளும் இலவசம் என்கிறது. சட்டத்தை மீறினால் 89ஆவது பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 ரூபாயில் தொடங்கி 5 லட்சம் ரூபாய் வரை. முறையிட மாநில ஆணையர் இருக்கிறார். வெள்ளைத் தாளில் எழுதி அனுப்பினாலும் மனு மனுதான்.

40 விழுக்காட்டுச் சான்று கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். சான்று இல்லாவிட்டால் உதவித்தொகை கிடைக்காது என்பது உண்மை. ஆனால் உரிமையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எழுதும்போது விரல்கள் பிடித்துக்கொள்ளும் நரம்புக் கோளாறு உள்ள ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரைக் கேட்டார். 40 விழுக்காடு இல்லை என்று மறுத்தார்கள். தேவைக்கேற்ற வசதி செய்து தருவது அந்த 40 விழுக்காட்டுக் கோட்டைப் பொறுத்ததல்ல என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் பொதுத்தேர்வுகளில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு ஆகிய சலுகைகள் நெடுநாளாக இருக்கின்றன. எழுத்துகள் மாறி மாறித் தெரிகிற பிள்ளையைச் சோம்பேறி என்று அடித்துப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுவந்து, தேர்வு நெருங்குகையில் சான்றுக்கு ஓடுவதைத்தான் நாம் நிறுத்த வேண்டும். மூன்றாம், நான்காம் வகுப்பிலேயே ஆசிரியரின் கண்ணில் அது பட வேண்டும்.

சான்று வாங்குவது எத்தனை பாடு என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வட்டார வள மையத்தில் மருத்துவ முகாம் நடக்கும் தேதி தெரிய வேண்டும். அன்று விட்டால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றைய கூலி போய்விடும். நூறு நாள் வேலையில் அன்றைய கையெழுத்தும் போய்விடும். செங்கல் சூளைக்கோ பெங்களூருக்கோ ஆறு மாதம் பிழைக்கப் போகிற குடும்பத்துக்கு இந்தத் தேதிகள் எதுவும் ஒத்துவராது. தனித்துவ அடையாள அட்டை நாடு முழுதும் செல்லும். ஆனால் அட்டை மட்டும்தான் கூடப் போகிறது. பயிற்சி கொடுத்தவரும், இயன்முறை மருத்துவரும், பராமரிப்பு உதவித்தொகை தரும் அலுவலகமும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். 2023 ஜனவரியிலிருந்து 1,500 ரூபாய் 2,000 ரூபாயாக உயர்ந்த அந்த உதவித்தொகை, பல வீடுகளில் அரிசிக்கும் மாத்திரைக்கும் சரியாகப் போய்விடுகிறது. உழவு குறைந்து வெளியூர் வேலையை நம்புகிற இந்த வட்டாரத்தில், இடம்பெயரும் குடும்பத்து மாற்றுத்திறன் பிள்ளையின் பெயரைப் போகிற ஊர்ப் பள்ளிக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வருகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி அமைந்த குழு இது. முக்கால் பங்கு உறுப்பினர்கள் பெற்றோர். சரி பாதி பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் 20 பேரோடு மறுகட்டமைக்கப்பட்டது. 2024இல் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து 24 பேர் ஆனார்கள். துணைத் தலைவர் பொறுப்புக்குச் சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் பெற்றோருக்கு முன்னுரிமை தரும் வழக்கம் வந்திருக்கிறது. இதை நான் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன். பிள்ளையைச் சேர்க்கக் கெஞ்சி நின்ற அதே தலைமையாசிரியர் அறையில், அதே தாய் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார். ஆனால் பல கூட்டங்களில் அந்தக் கையெழுத்தோடு அவருடைய பங்கு முடிந்துவிடுகிறது. “நாங்க என்னாத்த பேசறது சார், அவங்க படிச்சவங்க” என்கிறார்கள். அம்மா, உங்கள் பிள்ளையை உங்களைவிட அதிகம் படித்தவர் யாரும் அந்த அறையில் இல்லை. சாய்தளத்தின் சரிவு செங்குத்தாக இருக்கிறதா, கழிப்பறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலம் இருக்கிறதா, சிறப்புப் பயிற்றுநர் மாதம் எத்தனை நாள் வருகிறார் என்ற மூன்றை மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் அமெரிக்காவைச் சற்றுப் பார்க்கலாம். 1975 நவம்பரில் அங்கே மாற்றுத்திறன் குழந்தைகள் அனைவருக்குமான கல்விச் சட்டம் வந்தது. அதன் உயிர்நாடி ஓர் ஆவணம்: ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே எழுதப்படும் கல்வித் திட்டம். அதை எழுதும் குழுவில் பெற்றோர் சம உறுப்பினர். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் சிறப்புக் கல்வியைத் தொடங்க முடியாது. முடிவு பிடிக்காவிட்டால் நடுநிலை விசாரணை கேட்கலாம். அந்தச் சட்டத்துக்கும் குறை உண்டு. கூடுதல் செலவில் 40 விழுக்காட்டைத் தருவதாகச் சொன்ன கூட்டாட்சி அரசு, அரை நூற்றாண்டாகியும் அந்த அளவை எட்டியதே இல்லை. நம்மிடமும் தனிநபர் கல்வித் திட்டம் இருக்கிறது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதை எழுதுகிறார். ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பெற்றோரின் சட்ட உரிமையாக எழுதவில்லை. தமிழ்நாடு தன் விதிகளில் அதை எழுதலாம். ஆண்டுக்கு ஒரு முறை தாயையும் தகப்பனையும் உட்கார வைத்து, தமிழில் படித்துக் காட்டி, பிரதி ஒன்றைக் கையில் கொடுத்து, சம்மதக் கையொப்பம் வாங்க வேண்டும் என்று ஓர் அரசாணை போதும்.

பெற்றோர் எழுந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னையில் வித்யாசாகர் சான்றாக இருக்கிறது. கடுமையான குறைபாடுள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985இல் தொடங்கியது அது. பின்னாளில் அவரே மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அறக்கட்டளையின் தலைவரானார். ஆய்க்குடியில் 1981இல் ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்திலும் இது முடியும் என்று காட்டியது. நம் கீழ்பென்னாத்தூரில் முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி ஆசிரியர் பக்கம். முன்பு சொன்ன தலைமையாசிரியரின் அச்சத்துக்கு இப்போது வருகிறேன். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஓர் ஆட்டிசக் குழந்தை கத்தத் தொடங்கினால் என்ன செய்வது என்று பொது ஆசிரியருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர், இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற சிறப்புப் பயிற்றுநர். அவர் ஒருவரே பல பள்ளிகளையும் பல வீடுகளையும் வைத்துக்கொண்டு அலைகிறார்.

2021 அக்டோபர் 28 அன்று ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு கணக்குச் சொன்னது. மூளை முடக்குவாதமுள்ள 8 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ள 5 குழந்தைகளுக்கு ஒருவர். பார்வையும் செவியும் இரண்டுமே இல்லாத 2 குழந்தைகளுக்கு ஒருவர். அடுத்த ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒருவர், 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே சேர்த்தது. 2025 மார்ச் 7 அன்று அதே வழக்கில் நீதிமன்றம் மேலும் கண்டிப்பானது. எத்தனை பணியிடம் தேவை என்று கணக்கிட்டு மாநிலங்கள் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களை அறிவிக்க வேண்டும், ஒப்பந்தத்தில் ஆண்டுக்கணக்காக உழைப்பவர்களைத் தகுதி ஆய்வுக் குழு வைத்துப் பரிசீலிக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

அனுமதிக்கப்பட்ட பணியிடம். அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு இதன் எடை தெரியும். பணியிடம் இருந்தால் காலமுறை ஊதியம், விடுப்பு, மகப்பேறு, இடமாறுதல் கலந்தாய்வு, பணிப் பதிவேடு, ஓய்வூதியம் எல்லாம் அதைத் தொடர்ந்து வரும். பணியிடம் இல்லையென்றால் தொகுப்பூதியம் மட்டும் வரும். சிறப்புப் பயிற்றுநர்களின் தொகுப்பூதியம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதியிலிருந்து போகிறது. 2024-25இல் தேசியக் கல்விக் கொள்கையையும் பிஎம் ஸ்ரீ திட்டத்தையும் ஏற்கவில்லை என்பதற்காக, தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கல்விக் கொள்கை சொல்லும் மும்மொழி முறையைப் பற்றி இரு அரசுகளும் எவ்வளவு வேண்டுமானாலும் வழக்காடட்டும். ஆனால் நடக்க முடியாத பிள்ளைக்குக் கால் பயிற்சி கொடுக்கிறவரின் சம்பளத்தைக் கொள்கைச் சண்டைக்குள் இழுப்பது பெரும் அநியாயம். நிதி நிறுத்தம் ஒரு பாடத்தை எனக்கு உறுதிப்படுத்தியது: இந்தப் பணியிடங்கள் திட்டத் தலைப்பில் இருக்கிற வரை பாதுகாப்பில்லை. மாநில அரசின் பள்ளிக்கல்வித் துறை ஊதியத் தலைப்புக்கு அவை வர வேண்டும்.

ஓய்வூதியக் கதை உங்களில் பலருக்கு அத்துப்படி. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அடிப்படை ஊதியத்திலும் அகவிலைப்படியிலும் பத்து விழுக்காடு பிடித்தம். அதே அளவு அரசின் பங்கு. ஓய்வு பெறும் நாளில் கையில் ஒரு தொகை வந்தது, மாதாமாதம் எதுவும் வரவில்லை. மகள் கல்யாணத்திலும் வீட்டுக் கடனிலும் அந்தத் தொகை கரைந்துபோன குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. இடையில் ஓய்வு பெறும் வயது 2020இல் 58லிருந்து 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்ந்தது. 2025 பிப்ரவரியில், ஓய்வூதிய முறையை ஆராய மூத்த அரசு அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு அமைந்தது. 2026 ஜனவரி 3 அன்று தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 50 விழுக்காடு ஓய்வூதியம். ஊழியரின் பங்களிப்பு 10 விழுக்காடு. ஓய்வூதியர் இறந்தால் அந்த ஓய்வூதியத்தில் 60 விழுக்காடு குடும்பத்துக்கு. பழைய திட்டமே வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இது முழு நிறைவு தரவில்லை. பத்து விழுக்காடு தொடர்ந்து பிடிக்கப்படுவது அவர்களின் மனக்குறை. ஆனாலும் இருபது ஆண்டுக்கு மேலான போராட்டத்துக்குப் பின் மாதாமாதம் உறுதியான தொகை என்ற கொள்கை திரும்ப வந்திருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன்.

அந்த மகிழ்ச்சிக்கு நடுவே இன்னொரு கவலை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஆசிரியர் தகுதித் தேர்வு பணியில் உள்ளவர்களுக்கும் கட்டாயம் என்றது. மகாராஷ்டிரத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன வழக்குகள் அவை. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்கள் தேர்வெழுதாமல் பணியை முடிக்கலாம். பதவி உயர்வு மட்டும் கிடையாது. ஐந்து ஆண்டுக்கு மேல் பணிக்காலம் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். பெறாவிட்டால் கட்டாய ஓய்வு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில், அன்றைய விதிப்படி, கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே வந்தவர்கள் இவர்கள். தமிழ்நாடு அரசு மறு ஆய்வு மனு போட்டது. தரமான ஆசிரியர் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஐம்பது வயதில் ஒருவர் வகுப்பில் என்ன செய்கிறார் என்பதை, அவர் பாடம் நடத்துவதை உட்கார்ந்து பார்த்து அளப்பதே முறை. பத்து ஆண்டுகளாகச் செவித்திறன் குறைந்த பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைத்து, உதடு தெரியத் திரும்பி நின்று பாடம் நடத்திய ஆசிரியையை ஒரு கொள்குறித் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து வீட்டுக்கு அனுப்பினால், நட்டம் அந்தப் பிள்ளைக்கு.

இப்போது தொடங்கிய இடத்துக்கு, பெற்றோரும் ஆசிரியரும் ஒருவராகவே இருக்கும் வீட்டுக்கு வருகிறேன். மாற்றுத்திறன் பிள்ளையைப் பெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெளியில் அதிகம் பேசுவதில்லை. இமாச்சலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியையான ஷாலினி தர்மானி, அரிய எலும்பு நோயுள்ள மகனைக் கவனிக்கக் குழந்தைப் பராமரிப்பு விடுப்புக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் நீதிமன்றம், பெண்கள் வேலையில் பங்கேற்பது சலுகையல்ல, அரசியலமைப்பு தரும் உரிமை என்று சொல்லி, அந்த மாநிலம் தன் விடுப்புக் கொள்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது.

பழைய ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியச் செய்தி. 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின்படி, மனநலக் குறைபாட்டாலோ உடல் குறைபாட்டாலோ சொந்தமாகப் பிழைக்க முடியாத மகனுக்கோ மகளுக்கோ, பெற்றோர் காலத்துக்குப் பிறகு ஆயுள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இருபத்தைந்து வயதோடு நின்றுவிடுவதில்லை. இருந்தும் எத்தனை பேர் அந்தப் பிள்ளையின் பெயரை ஓய்வூதியக் கோப்பில் சேர்த்திருக்கிறீர்கள்? வெட்கப்பட்டோ, பிறகு பார்க்கலாம் என்றோ விட்டுவிட்டு, இருவரும் போன பின்பு அண்ணனோ அக்காவோ கருவூலத்துக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கும் நடையாய் நடக்கிறார்கள். உங்கள் அடுத்த நேர்காணலுக்குக் கருவூலம் போகும்போது மருத்துவச் சான்றையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஆசிரியரல்லாத பெற்றோருக்கும் ஒரு வழி இருக்கிறது. பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் தாயும் தகப்பனும் சட்டப்படி தாமாகவே பாதுகாவலராக நீடிப்பதில்லை. வங்கிக் கணக்கு, நிலப் பத்திரம் எதுவானாலும் அங்கே தடை வரும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர் அளவிலான குழு, தகுந்தவரைச் சட்டப் பாதுகாவலராக நியமிக்கும். பெற்றோரே விண்ணப்பிக்கலாம், தங்களுக்குப் பின் யார் என்பதை எண்ணி உடன்பிறந்தாரோ உறவினரோ விண்ணப்பிக்கவும் வழியுண்டு. நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவும் கிடைக்கும். ஆட்சியர் அலுவலகம் இங்கிருந்து ஒரு பேருந்துப் பயணம்தான்.

அரசிடம் இந்த மேடையிலிருந்து நான் கேட்பது இவை. உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தின் விதிகளில், பிழைக்க முடியாத மாற்றுத்திறன் பிள்ளைக்கு ஆயுள்காலக் குடும்ப ஓய்வூதியம் உண்டு என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டிருக்க வேண்டும். 1978ஆம் ஆண்டு விதி கொடுத்ததைவிட ஒரு ரூபாயோ ஓர் ஆண்டோ குறையக் கூடாது. சிறப்புப் பயிற்றுநர்களை அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் அமர்த்தி, அவர்கள் ஒப்பந்தத்தில் உழைத்த ஆண்டுகளில் ஒரு பகுதியையாவது ஓய்வூதியத்துக்குத் தகுதியான பணிக்காலமாகக் கணக்கிட வேண்டும். நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் நிரந்தரம் ஆக்கிவிட்டு அன்றிலிருந்து பணிக்காலத்தை எண்ணினால், அவர்கள் கையில் நிற்கும் ஓய்வூதியம் பெயருக்குத்தான் இருக்கும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்களே, உங்களிடம் கேட்பது வேறு. மனு எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள். எந்த அரசாணை எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒருவர், தம் ஊர் மாற்றுத்திறன் பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளியிலிருந்தும் அங்கன்வாடியிலிருந்தும் வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்கு அட்டை இல்லை, யாருக்கு உதவித்தொகை நின்றிருக்கிறது, யாருக்கு 18 வயது நெருங்குகிறது என்று குறித்து வையுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் அந்தத் தாய்மார்களை அழைத்துக்கொண்டு ஆட்சியர் முன் போய் நில்லுங்கள். சிறப்புப் பயிற்றுநர்களின் பணியிடக் கோரிக்கையை ஆசிரியர் சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலின் கடைசியிலிருந்து மேலே கொண்டுவரட்டும். அவர்களுக்காகப் போராட்டப் பந்தலில் பெற்றோர் வந்து உட்காரட்டும். பெற்றோரின் மனுவில் ஆசிரியர் சங்கமும் கையெழுத்துப் போடட்டும். வருகிற மாதம் நடக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில், சிறப்புப் பயிற்றுநருக்கு நிரந்தரப் பணியிடம் கேட்டு இந்த ஒன்றியத்தின் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட முடியும். அந்த வாசகத்தை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் மேசையில் பிரதிகள் கிடைக்கும். தலைமையாசிரியர்களும் குழுத் தலைவர்களும் அன்புகூர்ந்து எடுத்துச் செல்லுங்கள்.